சென்னைத் தொலைக்காட்சி நிலையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஐம்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. ஊடகவியல் படிக்கும் மாணவர்கள், பழைய நிகழ்ச்சிகளைத் தேடி அலைகிறவர்கள், 'அது இன்னும் நடக்கிறதா' என்று வியப்பவர்கள் எனப் பலரும் அதைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போகலாம்.

தூர்தர்ஷன், சென்னைத் தொலைக்காட்சி, பொதிகை, டிடி தமிழ் எல்லாம் ஒன்றுதானா?

தூர்தர்ஷன் என்பது நாடு முழுவதற்குமான பொதுத்துறைத் தொலைக்காட்சி அமைப்பு. அதன் சென்னை நிலையம் சேப்பாக்கத்தில், சுவாமி சிவானந்தா சாலையில் இருக்கிறது. தொடக்கத்தில் அங்கிருந்து ஒரே அலைவரிசைதான் வந்தது. வேறு எதுவும் இல்லாததால் அதற்குத் தனிப் பெயர் தேவைப்படவில்லை. 'டிவி' என்றாலே அதுதான். 1980களின் பிற்பகுதியில் நகர மக்களுக்கென இரண்டாவது அலைவரிசை வந்தது. டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களின் இரண்டாம் அலைவரிசைகளையும் 1993-ல் ஒன்றாகப் பிணைத்து 'மெட்ரோ' என்றார்கள். அதே காலத்தில் செயற்கைக்கோள் வழியாக முழுத் தமிழ் அலைவரிசை ஒன்றும் உருவானது. அதற்கு 2000 பொங்கலன்று 'பொதிகை' என்று பெயர் சூட்டினார்கள். 2024 ஜனவரி 19 அன்று சென்னையில் நடந்த கேலோ இந்தியா விளையாட்டுப் போட்டித் தொடக்க விழாவில், புதுப்பிக்கப்பட்ட அலைவரிசை 'டிடி தமிழ்' என்ற பெயரில் தொடங்கி வைக்கப்பட்டது. உயர்தர ஒளிபரப்புக்கு மாறியது நல்லது. இருபத்து நான்கு ஆண்டுகள் வழங்கிவந்த அழகான பெயரை அதற்காகக் கைவிட்டிருக்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

நிலையம் எப்போது தொடங்கியது?

1975 ஆகஸ்ட் 15. இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்றே டில்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கிவிட்டது. ஆனால் அடுத்த பதின்மூன்று ஆண்டுகள் அது டில்லியைத் தாண்டவில்லை. பம்பாய்க்கு 1972-லும், ஸ்ரீநகர், அமிர்தசரஸ் நகரங்களுக்கு 1973-லும் போனது. 1975-ல் கல்கத்தா, சென்னை, லக்னோ மூன்றும் சில மாத இடைவெளியில் சேர்ந்தன. தொலைக்காட்சி ஏழை நாட்டுக்கு ஆடம்பரம் என்ற எண்ணம் அரசில் வலுவாக இருந்தது. விரிவாக்கம் மெதுவாக நடந்ததற்கு அது பெரிய காரணம்.

அப்போது தொலைக்காட்சி தனித் துறையாகவும் இல்லை. அகில இந்திய வானொலியின் ஒரு பிரிவாகவே இருந்தது. 1976-ல்தான் தூர்தர்ஷன் தனியாகப் பிரிந்தது. நிலையத்தின் முதல் தலைமுறையினரிடம் வானொலியின் சாயல் நன்றாகத் தெரிந்ததற்கு இதுவே காரணம். உச்சரிப்பில் கண்டிப்பு, எழுதி வைத்துப் பேசும் பழக்கம், கலைஞர்களுக்குத் தேர்வு நடத்தித் தரம் பிரிக்கும் முறை எல்லாம் வானொலியிலிருந்து வந்த சீதனம்.

நெருக்கடி நிலைக் காலத்தில் பிறந்த நிலையம் அல்லவா?

ஆம். 1975 ஜூன் 25-ல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஏழு வாரங்களில் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. அடுத்த ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டின் திமுக அரசு கலைக்கப்பட்டபோது நிலையத்துக்கு ஆறு மாதம்கூட ஆகவில்லை. பத்திரிகைகளே தணிக்கைக்குப் பிறகு அச்சேறிய நாட்களில் அரசின் சொந்தத் தொலைக்காட்சியில் மாற்றுக் குரல் ஒலிக்க வழியே இல்லை. ஆளுங்கட்சியின் ஊதுகுழல் என்ற குற்றச்சாட்டு தூர்தர்ஷனைத் தொடக்கம் முதலே விடாமல் தொடர்கிறது, அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் அந்த ஒன்றை வைத்து அங்கே நடந்த அத்தனை வேலையையும் தள்ளிவிடுவது நியாயமல்ல.

தொடக்கத்தில் யாரால் பார்க்க முடிந்தது?

சென்னையிலும் அதைச் சுற்றிய மாவட்டங்களிலும் இருந்தவர்களால் மட்டும். தொலைக்காட்சி அலைகள் ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவு மறைக்கும் இடத்துக்கு அப்பால் அவை சரியாகப் போய்ச் சேருவதில்லை. கடலோரச் சமவெளியில் நிற்கும் ஒரு கோபுரத்தால் மதுரையையோ கோவையையோ எட்ட முடியாது.

மாடியில் நின்ற ஆண்டெனாவின் உருவத்துக்கும் காரணம் உண்டு. அப்போது ஒளிபரப்புக்குப் பயன்பட்ட கீழ்வரிசை விஎச்எஃப் (மிக உயர் அதிர்வெண்) அலைகளின் நீளம் நான்கு மீட்டருக்கு மேல். அதில் பாதியளவு நீளமாவது அலுமினியக் குழாய் இருந்தால்தான் அலை சரியாகப் பிடிபடும். அதனால்தான் ஆள் உயரத்தைத் தாண்டிய குழாய்கள். ஒருவர் மாடியில் கம்பத்தைத் திருப்ப, இன்னொருவர் கீழே பெட்டியைப் பார்த்து 'போதும், போதும்' என்று குரல் கொடுக்க, இருவருக்கும் நடுவே படிக்கட்டில் ஒரு சிறுவன் நின்று செய்தியைக் கடத்துவான். காற்றடித்தாலும் காகம் உட்கார்ந்தாலும் இதே வேலையை மறுபடி தொடங்க வேண்டும்.

பெட்டி வாங்கினால் மட்டும் போதாது. வானொலிக்கு இருந்ததைப் போலவே தொலைக்காட்சிக்கும் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் பணம் கட்டி உரிமம் பெற வேண்டியிருந்தது. 1980களின் நடுவில்தான் அது நீக்கப்பட்டது. சாலிடேர், டயனோரா போன்ற சென்னை நிறுவனங்களின் பெட்டிகள் அப்போது வீட்டுக்கு வீடு பேசப்பட்டன. இழுத்து மூடும் மரக் கதவுகளோடும் பூட்டோடும் வந்த பெட்டிகளும் இருந்தன. தெருவில் ஒரு வீட்டில் டிவி இருந்தால் தெருவே அங்கே கூடும்.

தென் மாவட்டத்தார் ரூபவாஹினி பார்த்ததாகச் சொல்வது உண்மையா?

முழு உண்மை. இலங்கையின் அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 பிப்ரவரியில் தொடங்கியது. சென்னையின் அலை எட்டாத ராமநாதபுரம், தூத்துக்குடி, டெல்டா பகுதிகளில் மிக உயரமான கம்பம் நட்டு, அலையை வலுப்படுத்தும் பூஸ்டர் பொருத்தி அதைப் பிடித்தார்கள். கடல் மேல் தடையில்லை. போதாததற்கு, வெயில் காலத்தில் கடல்மட்டத்துக் குளிர்ந்த காற்றின் மேல் வெப்பக் காற்று போர்வையாகப் படியும்போது, அலைகள் அந்த இரண்டுக்கும் நடுவே வளைந்து வழக்கத்தைவிட நெடுந்தூரம் போகும். அதனால் சில மாலைகளில் படம் கண்ணாடிபோல் தெளிவாக வரும். மறுநாளே வெறும் புள்ளிமழை பொழியும். தமிழ்நாட்டில் பலர் முதன்முதலில் கண்ட தொலைக்காட்சியே அண்டை நாட்டுடையதுதான்.

தமிழ்நாடு முழுவதும் சென்னை ஒளிபரப்பு எப்படிப் போய்ச் சேர்ந்தது?

இரண்டு வழிகளில். முதல் வழி, ஊர்தோறும் சிறு ஒளிபரப்பிகள். 1983 ஆகஸ்டில் இன்சாட் 1பி செயற்கைக்கோள் விண்ணுக்குப் போன பிறகு, 1984-ல் நாடெங்கும் குறைந்த திறன் ஒளிபரப்பிகளை அவசர அவசரமாக நிறுவினார்கள். இதில் ஒரு சிக்கல் எழுந்தது. அவை செயற்கைக்கோளிலிருந்து எடுத்தது டில்லி நிகழ்ச்சியை. எனவே தமிழ்நாட்டு ஊர்களில் பெட்டி வந்தும் தமிழ் வரவில்லை. சென்னையின் நிகழ்ச்சி அங்கே போய்ச் சேர, கோபுரத்திலிருந்து கோபுரத்துக்கு நுண்ணலையில் படத்தைக் கடத்தி நிலையங்களை இணைக்கும் மைக்ரோவேவ் தொடர்பு தேவைப்பட்டது.

இரண்டாவது வழி, உயரம். கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நிறுத்திய உயர்திறன் ஒளிபரப்பியின் பார்வை எல்லை, கணக்குப்படி 190 கிலோமீட்டர் அளவுக்குப் போகும். சென்னையின் மாலை நிகழ்ச்சி மதுரைக்கும் நெல்லைக்கும் திருச்சிக்கும் பொதுவானது இந்த மலையால்தான். வெள்ளிக்கிழமை மாலைப் பாட்டு நிகழ்ச்சியை மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் பார்த்த காலம் அதன் பிறகே தொடங்கியது.

ராமேஸ்வரத்தில் மலை இல்லாததால் கோபுரத்தையே மலையளவு கட்டினார்கள். 1995-ல் திறக்கப்பட்ட அந்தக் கான்கிரீட் கோபுரத்தின் உயரம் 323 மீட்டர். நாட்டின் மிக உயரமான கட்டுமானங்களில் அதுவும் ஒன்று. பாம்பன் பாலம் ஏறுகிறவர்களுக்கு அது தூரத்திலேயே தெரியும்.

அந்தக் காலத்தில் என்னென்ன நிகழ்ச்சிகள் வந்தன?

எல்லோரும் முதலில் சொல்வது வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்'. திரைப்பாடல்கள் அரை மணி நேரம், அவ்வளவுதான். விரும்பிய பாட்டை விரும்பிய நேரத்தில் பார்க்க வழியில்லாத காலத்தில் அந்த அரை மணி நேரத்துக்காகத் தெருக்கள் வெறிச்சோடின. ஞாயிற்றுக்கிழமை மாலை தமிழ்ப் படம். செவ்வாய்க்கிழமை நாடகம். குழந்தைகளுக்குக் 'கண்மணிப் பூங்கா', இளைஞர்களுக்கு 'இளைய பாரதம்', பெண்களுக்கு 'மனைமாட்சி', மூத்த கலைஞர்கள் தம் வாழ்வை நினைவுகூரும் 'மலரும் நினைவுகள்'.

இவற்றில் நான் மிக உயர்வாக மதிப்பது செவ்வாய் நாடகத்தை. சபாக்களில் மட்டும் ஓடிய மேடை நாடகத்தை, சபாவுக்குப் போக வாய்ப்பே இல்லாத ஊர்களுக்கு அது கொண்டு சேர்த்தது. கதை ஒரே நாளில் முடிந்துவிடும். பின்னால் தொடர்கள் வந்தபோதும் பதின்மூன்று வாரம் என்ற வரம்பு இருந்தது. பதின்மூன்று வாரத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும் என்றால் எழுதுகிறவர் எதைச் சொல்வது, எதை விடுவது என்று யோசித்தாக வேண்டும். அந்தக் கட்டுப்பாடு எழுத்துக்கு நல்லதையே செய்தது.

'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சியை யார் பார்த்தார்கள்?

நகரத்துப் பிள்ளைகள் கேலி செய்த நிகழ்ச்சி இது. உழவர்கள் பார்த்தார்கள். உர அளவு, பூச்சித் தாக்குதலின் அடையாளம், புதிய நெல் ரகம், கால்நடை நோய் என்று அன்றாடப் பயிர்ப் பிரச்சினையை வேளாண் அதிகாரியோ அனுபவமுள்ள விவசாயியோ வயலில் நின்றே பேசினார்கள். படம் இருந்ததால் பயன் கூடியது. இலையில் விழும் புள்ளியை வானொலியில் விவரிக்கலாம், தொலைக்காட்சியில் காட்டலாம்.

இதற்கு வானொலியில் ஒரு முன்னோடி இருந்தது. 1960களில் திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பைக் கேட்டுத் தஞ்சை விவசாயிகள் ஏ.டி.டி. 27 நெல்லை அவ்வளவு வேகமாக ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒலிபரப்பு ஊடகம் ஒரு பயிரையே மாற்ற முடியும் என்பதைத் தமிழ்நாடு நேரில் கண்டது. விளம்பரதாரர் எவரும் பணம் போட முன்வராத இத்தகைய நிகழ்ச்சிகளே பொது ஒளிபரப்பு நிலையம் ஒன்று இருப்பதற்கான முதல் நியாயம் என்பது என் உறுதியான கருத்து.

நேயர்கள் குறை சொல்ல வழி இருந்ததா?

'எதிரொலி' என்ற நிகழ்ச்சி இருந்தது. நேயர்கள் எழுதிய அஞ்சலட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு, நிலையத்தின் பொறுப்பில் இருப்பவர் திரையில் தோன்றிப் பதில் சொல்வார். அறிவிப்பாளர் உடுத்திய புடவையைப் பற்றிய கடிதமும் வரும். செய்தி வாசிப்பவர் ழகரத்தைச் சரியாக ஒலிக்கவில்லை என்ற கண்டிப்பும் வரும். எங்கள் ஊருக்குப் படம் தெளிவாக வரவில்லை என்ற முறையீடும் வரும். பதில்கள் சில நேரம் மழுப்பலாகத்தான் இருந்தன. ஆனாலும், பெயரும் ஊரும் சொல்லி ஒரு சாதாரண நேயரின் குறையை வாசித்து, பொறுப்பாளரே பதில் சொல்லும் வழக்கத்தை இன்று எத்தனை அலைவரிசைகள் வைத்திருக்கின்றன?

செய்தி வாசிப்பாளர்கள் அங்கே நிரந்தர ஊழியர்களா?

பெரும்பாலும் இல்லை. குரல் தேர்வும் திரைத் தேர்வும் நடத்தி ஒரு பட்டியல் தயாரித்து, முறை வைத்து அழைப்பார்கள். பலருக்கு வேறு தொழில் இருந்தது. கவிஞர் ஈரோடு தமிழன்பன் கல்லூரிப் பேராசிரியராக இருந்துகொண்டு செய்தி வாசித்தார். வரதராஜன் மேடை நாடகக்காரர். ஷோபனா ரவி, பாத்திமா பாபு ஆகியோரின் முகமும் குரலும் ஒரு தலைமுறைக்கே மனப்பாடம்.

செய்தி தயாராகும் விதம் சற்று உள்ளே போய்ப் பார்க்கத் தக்கது. செய்திப் பிரிவு, நிகழ்ச்சிப் பிரிவு, பொறியியல் பிரிவு மூன்றும் நிலையத்துக்குள் தனித்தனி உலகங்கள். செய்திப் பிரிவில் இந்தியத் தகவல் பணி அதிகாரிகள் ஆசிரியர் பொறுப்பில் இருப்பார்கள். மாவட்டங்களில் பகுதிநேரச் செய்தியாளர்கள் உண்டு. எழுபதுகளில் நிகழ்ச்சியை 16 மி.மீ. படச்சுருளில் எடுத்து, ஓடிவந்து, கழுவி, உலர்த்தி, வெட்டி ஒட்டித்தான் திரைக்குக் கொண்டுவர முடியும். மாலை ஐந்து மணிக்கு நடந்த கூட்டத்தின் படம் அன்றைய செய்தியில் வராமல் போனதற்குக் காரணம் சோம்பல் அல்ல, வேதியியல். எண்பதுகளில் யூ-மேட்டிக் ஒளிநாடா வந்த பிறகுதான் கழுவும் வேலை ஒழிந்தது.

நேரலை தொடங்கும் கடைசி நிமிடத்தில் செய்தி அறைக்கு எதிரே உள்ள கட்டுப்பாட்டு அறை எப்படி இருக்கும் என்றால்: வரிசையாகத் திரைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கேமராவின் பார்வை. தயாரிப்பாளர் நொடிகளை இறங்குவரிசையில் எண்ணுவார். படக்கலவைப் பலகையின் முன் இருப்பவரின் விரல் பொத்தான் மேல் காத்திருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், காதுக்கருவி அணிந்த தள மேலாளர் கையை உயர்த்தி விரல்களை மடக்கிக்கொண்டே வருவார். கடைசி விரல் மடங்கியதும் வாசிப்பவர் 'வணக்கம்' என்பார். வாசித்துக்கொண்டிருக்கும்போதே புதிய செய்தி எழுதிய தாள் ஓசையில்லாமல் மேசை ஓரமாக உள்ளே வரும். அதை முதல்முறையாகக் கண்ணால் பார்ப்பதும் மாநிலத்துக்கு வாசித்துச் சொல்வதும் ஒரே நேரத்தில் நடக்கும். பதற்றம் முகத்தில் தெரியாமல் இதைச் செய்வது பெரிய கலை.

வண்ண ஒளிபரப்பு எப்போது வந்தது?

1982 ஆகஸ்ட் 15-ல் தேசிய நிகழ்ச்சியோடு வண்ணம் வந்தது. நவம்பரில் டில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டி அதற்கான உந்துதல். சென்னையின் சொந்தத் தயாரிப்புகள் படிப்படியாக மாறின. கறுப்பு வெள்ளைக் காலத்தில் அரங்க அமைப்பாளர்கள் வேறு கணக்கில் யோசிக்க வேண்டியிருந்தது. சிவப்பும் பச்சையும் நேரில் எதிரும் புதிருமாகத் தெரியும். கேமராவில் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். புடவையும் பின்திரையும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்க நிறத்தைப் பார்க்காமல் வெளிச்சத்தின் அடர்த்தியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள்.

'தடங்கலுக்கு வருந்துகிறோம்' ஏன் அவ்வளவு அடிக்கடி வந்தது?

ஒரு படம் நேயரை அடையக் கடக்க வேண்டிய கண்ணிகள் பல. படப்பிடிப்புத் தளம், தயாரிப்புக் கட்டுப்பாட்டு அறை, முதன்மைக் கட்டுப்பாட்டு அறை, அங்கிருந்து ஒளிபரப்பி, வெளியூர் என்றால் இடையில் மைக்ரோவேவ் கோபுரங்கள் அல்லது 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோள். எங்கே ஒன்று அறுந்தாலும் திரை இருண்டுவிடும். இருண்ட திரையைக் கண்டால் பெட்டி பழுதாகிவிட்டது என்று மக்கள் நினைப்பார்கள். பழுது உங்களிடம் இல்லை, எங்களிடம்தான் என்று சொல்லவே அந்த அட்டை. நாடா சிக்குவது, மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஏற நேரமெடுப்பது, டில்லி இணைப்பு கைவிடுவது ஆகியவை வழக்கமான காரணங்கள்.

இந்தி நிகழ்ச்சிகள் பற்றிய சர்ச்சை என்ன?

1982 முதல் இரவு எட்டரை மணிக்கு மேல் டில்லியின் தேசிய நிகழ்ச்சியை எல்லா நிலையங்களும் அப்படியே எடுத்து ஒளிபரப்ப வேண்டும் என்றானது. குடும்பம் ஒன்றாக அமரும் நேரம் இந்திக்கும் ஆங்கிலத்துக்கும் போனது. மாநில நிலையத்துக்கு மிஞ்சியது மாலைப்பொழுது. 1965-ல் இந்தித் திணிப்பை எதிர்த்து உயிர்களைக் கொடுத்த மாநிலத்தில் இது எப்படிப் பார்க்கப்படும் என்பதை டில்லி எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இராமாயண, மகாபாரதத் தொடர்களை ஞாயிறு காலையில் தமிழர்களும் இந்தியிலேயே விரும்பிப் பார்த்தார்கள் என்பதும் உண்மை. மக்கள் ஒரு நிகழ்ச்சியைத் தாமே தேர்ந்து பார்ப்பது வேறு, மாற்றிப் பார்க்க எதுவும் இல்லாததால் பார்ப்பது வேறு.

இந்தப் புண் முழுவதும் ஆறவில்லை. 2024 அக்டோபர் 18 அன்று சென்னை நிலையத்தில் பொன்விழாவையும் இந்தி மாத நிறைவையும் சேர்த்து நடத்திய விழாவில், ஆளுநர் முன்னிலையில் பாடப்பட்ட தமிழ்த்தாய் வாழ்த்தில் 'திராவிட நல் திருநாடும்' வரும் வரி விடுபட்டது. கடும் கண்டனம் எழுந்தது. நிலையம் வருத்தம் தெரிவித்தது. ஐம்பதாண்டுத் தமிழ் ஒளிபரப்பைக் கொண்டாடும் நாளோடு இந்தி மாதத்தை ஒட்டவைத்ததே முதல் பிழை.

தனியார் அலைவரிசைகள் வந்தபோது என்ன ஆயிற்று?

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. அதற்குள் வளைகுடாப் போர் நேரத்தில் பரவிய கேபிள் இணைப்பு தெருத்தெருவாக வந்திருந்தது. அரை மணி நேரப் பாட்டுக்காக ஒரு வாரம் காத்திருந்த நேயருக்கு நாள் முழுவதும் பாட்டு கிடைத்தது. சில ஆண்டுகளில் தூர்தர்ஷன் பார்வையாளர்களைப் பெருமளவு இழந்தது. மாறுவதற்கு அதனிடம் திறமையானவர்கள் இருந்தார்கள். முடிவெடுக்கும் அதிகாரம்தான் சென்னையில் இல்லை. ஒரு தொடரை ஏற்கவும், ஒரு கருவி வாங்கவும் கோப்பு டில்லிக்குப் போய்த் திரும்ப வேண்டியிருந்தது.

நேரடி ஒளிபரப்பில் மட்டும் அதன் கை நெடுங்காலம் ஓங்கியிருந்தது. தொடக்க ஆண்டுகளில் தனியாருக்கு இந்திய மண்ணிலிருந்து செயற்கைக்கோளுக்கு நிகழ்ச்சியை ஏற்றி அனுப்ப அனுமதி இல்லை. அவர்கள் வெளிநாட்டு வசதியை நம்பியிருந்தார்கள். கோட்டைக் கொத்தளத்துக் கொடியேற்றம், திருவண்ணாமலைத் தீபம், மதுரையில் அழகர் ஆற்றில் இறங்குவது, திருவையாற்றில் பஞ்சரத்தினக் கீர்த்தனை எல்லாவற்றுக்கும் தூர்தர்ஷனின் ஓபி வேன்தான் போனது. அந்த வண்டி ஒரு நடமாடும் கட்டுப்பாட்டு அறை. நிகழ்ச்சிக்கு முன்பே போய், கேமராக்களுக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் கேபிள் இழுத்து, பரண் கட்டி, ஒலிவாங்கி பொருத்திக் காத்திருப்பார்கள்.

நிலையத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

1976 ஜனவரி முதல் தூர்தர்ஷன் விளம்பரம் வாங்குகிறது. அந்த வருமானம் செலவுக்குப் போதாது. மீதியை மத்திய அரசின் மானியம் ஈடுகட்டுகிறது. பிரசார் பாரதி சட்டம் 1990-ல் நிறைவேறி 1997-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வானொலியும் தொலைக்காட்சியும் பிரசார் பாரதி என்ற தன்னாட்சி அமைப்பின் கீழ் வந்தன. அலைக்கற்றை பொதுச்சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் அதற்கு வலு சேர்த்தது. சம்பளத்துக்கு அரசின் கையை எதிர்பார்க்கும் அமைப்பின் தன்னாட்சி எவ்வளவு தூரம் செல்லும் என்பதைச் செய்தி அறிக்கையைத் தொடர்ந்து பார்ப்பவர்களே அறிவார்கள்.

இன்று ஆண்டெனா வைத்துப் பார்க்க முடியுமா? வேறு எப்படிப் பார்ப்பது?

பழைய தரைவழி ஒளிபரப்பிகளை நாடெங்கும் படிப்படியாக நிறுத்தி, 2022 வாக்கில் பெரும்பாலும் மூடிவிட்டார்கள். மாடியில் துருப்பிடித்து நிற்கும் பழைய ஆண்டெனாவால் இனிப் பயனில்லை. டிடி ஃப்ரீ டிஷ் எனும் கட்டணமில்லாச் சேவை 2004 டிசம்பரில் வேறு பெயரில் தொடங்கியது. செயற்கைக்கோள் அலையைப் பிடிக்கும் தட்டும் செட்-டாப் பெட்டியும் வாங்கினால் போதும், மாதச் சந்தா கிடையாது. கேபிளில் வரவில்லை என்றால் கேபிள்காரரிடம் தயங்காமல் கேளுங்கள்: 1995-ஆம் ஆண்டின் கேபிள் சட்டப்படி குறிப்பிட்ட தூர்தர்ஷன் அலைவரிசைகளைக் காட்டுவது அவர் கடமை. யூடியூபிலும் பார்க்கலாம். 2024 நவம்பரில் தொடங்கிய 'வேவ்ஸ்' செயலியிலும் தூர்தர்ஷன் அலைவரிசைகள் கிடைக்கின்றன.

பழைய நிகழ்ச்சிகள் பாதுகாக்கப்பட்டிருக்கின்றனவா?

ஒரு பகுதி மட்டும். நேரலையாகப் போன பல நிகழ்ச்சிகள் பதிவாகவே இல்லை. பதிவானவற்றிலும் கணிசமானவை அழிந்தன. ஒளிநாடா விலை கூடியது, ஒதுக்கீடோ குறைவு. ஒளிபரப்பு முடிந்ததும் அதே நாடாவின் மேல் அடுத்த நிகழ்ச்சியைப் பதிவார்கள். உலகின் பெரிய ஒளிபரப்பு நிறுவனங்களும் இதைச் செய்திருக்கின்றன என்பதால் இழப்பு குறைந்துவிடாது. தோற்பாவை, கணியான் கூத்து, கட்டைக்கூத்து ஆடியவர்கள், நாகசுர மேதைகள், நாடகக் கம்பெனிகளில் நடித்த மூத்தவர்கள் எனத் தமிழ்நாட்டின் அரைநூற்றாண்டுக் கலைவாழ்வில், வேறெந்தக் கேமராவும் எட்டிப் பார்க்காதவற்றுக்கு இந்த நிலையமே சாட்சி. இருப்பவற்றை டிஜிட்டலாக்கும் பணி பிரசார் பாரதி காப்பகத்தின் கீழ் நடக்கிறது. சில இசை நிகழ்ச்சிகள் வெளியிடப்பட்டுள்ளன. எந்த நாடாவில் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்ற விவரப் பட்டியலைப் பொதுமக்கள் தேடிப் பார்க்கும்படி தமிழில் வெளியிடுவதே இப்போது மிக அவசரமான வேலை. அதில் தெரியும் முகங்களை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் முதியவர்கள்; அவர்கள் இருக்கும்போதே அது நடக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்தக் கால விசிஆர் கேசட்டுகள் இருக்கின்றன. பயன் உண்டா?

நிச்சயமாக உண்டு. நிலையத்திலேயே அழிந்துபோன ஒரு நாடகமோ கச்சேரியோ உங்கள் பரணில் இருக்கக்கூடும். கேசட்டின் சிறு சாளரம் வழியாக வெளிச்சத்தில் பாருங்கள். நாடாவின் ஓரத்தில் வெண்பொடி படர்ந்திருந்தால் அது பூஞ்சை. அதை அப்படியே ஓடவிட்டால் நாடா அறுபடலாம், பூஞ்சை கருவிக்கும் பரவும். சுத்தம் செய்து டிஜிட்டலாக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பூஞ்சை இல்லாவிட்டாலும் காந்தப் பதிவு ஆண்டுக்கு ஆண்டு மங்குகிறது என்பதால் தள்ளிப்போடாதீர்கள். விளம்பரங்களையும் அறிவிப்புகளையும் வெட்டாமல் முழுதாக மாற்றுங்கள். தேதியைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் அவைதான் உதவும். கேசட்டின் மேல் எழுதியிருப்பதை ஒரு படம் எடுத்துக் கோப்புடன் வையுங்கள், மாற்றி முடித்த பிறகும் கேசட்டைத் தூக்கி எறியாதீர்கள்.